சோ ஊருக்கு ஒரு நாள்: பாரிஸுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ஊரிலிருந்து யாராவது பாரிஸுக்கு வந்தால் ஈஃபில் கோபுரம், லூவர், வெர்சாய், அப்புறம் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் கடைத்தெரு என்று சுற்றிக் காட்டிவிட்டு அனுப்பிவிடுகிறோம். வந்தவர்களுக்கும் கால் வலியும் கூட்டமும்தான் நினைவில் நிற்கும். நான் எல்லாரிடமும் ஒன்று சொல்வேன்: ஒரே ஒரு நாளைத் தனியாக எடுத்து வையுங்கள், தெற்கே சோவுக்குப் போய் வாருங்கள். பாரிஸ் நடுவிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர்தான். சுமார் 20,000 பேர் வாழும் சின்ன ஊர். பழைய தேவாலயம், கார் நுழையாத கடைத்தெரு, ஊரை ஒட்டியே 180 ஹெக்டேர் பூங்கா.

முதலில் பெயர். ரோமன் எழுத்தில் ஆறு எழுத்து, வாயில் ஒரே எழுத்து: சோ. எழுத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக உச்சரித்தால் வழி சொல்பவர் விழிப்பார். 'சோவென்று மழை பெய்தது' என்போமே, அதே சோ. போதும்.

வருபவர்களில் பலர் பூங்காவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இந்த ஊரைப் பார்க்க ஒரு வரிசை இருக்கிறது என்பது என் எண்ணம். காலையில் ஊர்ப் பக்கம் இறங்குங்கள், தெருவில் நடங்கள், கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள், மதியத்துக்கு மேல் பூங்காவுக்குள் நுழைந்து மறுகோடியில் வெளியேறி ரயில் ஏறுங்கள். தலைகீழாகப் போனால் பூங்காவிலேயே கால் ஓய்ந்துவிடும், ஊரை அப்புறம் பார்க்கவே மாட்டீர்கள்.

என்றைக்குப் போவது

கடைத்தெருவில் ஆள் நடமாட்டம் வேண்டுமென்றால் சனிக்கிழமை காலை, சந்தை இருக்கும். அமைதிதான் வேண்டுமென்றால் செவ்வாயோ வியாழனோ. திங்கள்கிழமை வேண்டாம்: அருங்காட்சியகம் மூடியிருக்கும், பிரான்சில் சின்ன ஊர்க் கடைகளில் பாதி திங்களன்று திறக்காது. ஞாயிறு மதியத்துக்கு மேலும் அப்படித்தான். ஆகஸ்டில் ரொட்டிக் கடைக்காரர்கூட விடுமுறைக்குப் போய்விடுவார், கதவில் தேதி எழுதி ஒட்டியிருக்கும்.

ஏப்ரல் நடுவில் செர்ரி பூக்கும். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த இரண்டு மூன்று வார இறுதிகளில் 'அமைதியான ஊர்' என்ற பேச்சே செல்லாது. என்னைக் கேட்டால் அக்டோபர் நல்லது. இலை பழுத்திருக்கும், குளிர் இன்னும் கடிக்காது.

டிக்கெட்டும் ரயிலும்

புதியவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய ஆட்கள் இன்னும் "மெட்ரோ டிக்கெட் பாரிஸ் எல்லையோடு சரி, புறநகருக்கு வேறு டிக்கெட் எடுக்கணும்" என்பார்கள். முன்பு அப்படித்தான். 2025 ஜனவரியிலிருந்து மாறிவிட்டது. பாரிஸும் சுற்றுப் புறநகர்களும் சேர்ந்த இல்-து-பிரான்ஸ் முழுக்க மெட்ரோவுக்கும் ரயிலுக்கும் ஒரே விலை டிக்கெட், விமான நிலையத்துக்கு மட்டும் தனி. அந்த ஆண்டு அது 2.50 யூரோ. ஜனவரி தோறும் சில சென்ட் ஏறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலையத்தில் 2 யூரோ கொடுத்து நவிகோ ஈசி அட்டை வாங்கி அதில் போகவும் வரவும் இரண்டு டிக்கெட் ஏற்றிக்கொள்ளுங்கள். ஓர் ஆளுக்கு ஓர் அட்டை. நான்கு பேர் ஒரே அட்டையைக் கைமாற்றிப் பயணம் செய்ய முடியாது, பரிசோதகர் வந்தால் அபராதம்தான். மெட்ரோவில் வெளியே வரும்போது அட்டை கேட்காது, ஆனால் ஆர்.இ.ஆர். என்ற புறநகர் ரயிலின் நிலையங்களில் வெளியேறும்போதும் கேட்கும், ஆகவே பைக்குள் ஆழத்தில் போட்டுவிடாதீர்கள்.

ஏற வேண்டியது ஆர்.இ.ஆர். பி, நீலக் கோடு. லாச்சப்பல் பக்கம் தங்கியிருப்பவர்களுக்கு இது கைக்கெட்டும் தூரம்: கார் து நோர் நிலையத்தில் இறங்கினால் நேர் ரயில், எங்கேயும் மாற வேண்டாம். கார் து நோரில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பி ரயிலுக்கும் டி ரயிலுக்கும் நடைமேடை பக்கத்துப் பக்கத்தில். அவசரத்தில் பச்சைக் கோட்டில் ஏறினால் வேறெங்கோ போய் நிற்பீர்கள். நீலம், பி, தெற்கு நோக்கி. இந்த மூன்றையும் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

அடுத்தது கிளை. தெற்கே போகும் பி ரயில் பூர்-லா-ரென் என்ற நிலையத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு கிளை ரோபின்சோனுக்கு. இதில்தான் 'சோ' நிலையம் வரும். இன்னொரு கிளை மாசி, சேன்-ரெமி பக்கம் போகும். அதில் வருவது 'பார்க் து சோ' நிலையம். பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டும் வேறு வேறு நிலையங்கள். பலகையில் கடைசி ஊராக ரோபின்சோன் என்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம். வேறு ரயிலில் ஏறிவிட்டீர்களா, பதற வேண்டாம், பூர்-லா-ரென்னில் இறங்கி அடுத்து வரும் ரோபின்சோன் ரயிலைப் பிடியுங்கள். கோடையிலும் வார இறுதிகளிலும் பாதை வேலைக்காக இந்தத் தடத்தை ஒரு பகுதி நிறுத்திவைப்பது வழக்கம், எனவே முதல் நாள் இரவே கைபேசிச் செயலியில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மொத்தம் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். சன்னல் ஓரம் உட்காருங்கள். தான்ஃபேர்-ரோஷரோ வரை சுரங்க இருட்டு, அதைத் தாண்டியதும் வெளிச்சம் வந்துவிடும். அந்த தான்ஃபேர்-ரோஷரோ நிலையத்துக்கு மேலே ஒரு வளைந்த பழைய கட்டடம் இருக்கிறது. 1846இல் பாரிஸிலிருந்து சோவுக்கு ரயில் விட்டபோது கட்டியது, நகரத்தில் இன்றும் நிற்கும் மிகப் பழைய ரயில் நிலையங்களில் ஒன்று. அர்னூ என்ற பொறியாளர் இறுக்கமான வளைவிலும் திரும்பக்கூடிய சக்கர அமைப்பு ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். அதை ஓட்டிக் காட்டுவதற்காகவே போட்ட பாதை இது. பாதையின் இந்த முனையில் ரயில் ஒரு வட்டம் அடித்துத் திரும்பும், அதனால்தான் கட்டடமும் வட்டமாக இருக்கிறது. நூற்று எண்பது ஆண்டுக்குப் பிறகும் 'சோ பாதை' என்ற அதே பெயர் கொண்ட பாதையில்தான் நாம் போகிறோம், எனக்கு ஒவ்வொரு தடவையும் அது மகிழ்ச்சி தரும் விஷயம். வழியில் அர்க்கேய் பக்கம் உயரமான கல் வளைவுகள் தெரியும், பாரிஸுக்குத் தண்ணீர் கொண்டுவந்த மேல்கால்வாய்.

இறங்கியதும்

சோ நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் சத்தம் குறைவதைக் காதே சொல்லும். மதில் மேல் கொடி படர்ந்த வீடுகள், மரங்கள், எப்போதாவது ஒரு சைக்கிள். 1906இல் கணவரை இழந்த மேரி கியூரி, மாமனாரோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் இந்தப் பக்கம்தான் குடிவந்தார். 1912 வரை இங்கிருந்து தினமும் ரயிலில் பாரிஸ் போய் வேலை பார்த்தார். நிலையத்துக்கு அருகே இருந்த அந்தத் தெருவுக்கு அப்போது 'ரயில் பாதைத் தெரு' என்றே பெயர்.

இங்கே ஒரு வேண்டுகோள். இவை மனிதர்கள் குடியிருக்கும் வீடுகள். வாசல்களையும் சன்னல்களையும் நெருங்கிப் படமெடுக்காதீர்கள், பள்ளி விடும் நேரத்தில் குழந்தைகள் பக்கம் கைபேசியைத் திருப்பவே கூடாது. ஊருக்கு வீடியோ அழைப்பு போட்டு ஒலிபெருக்கியில் பேசுவது நமக்குப் பழக்கம். இந்தத் தெருக்களில் அது நான்கு வீடு தள்ளிக் கேட்கும். பூங்காவில் திறந்த புல்வெளி நிறைய இருக்கிறது, அம்மாவுக்கு அங்கிருந்து காட்டுங்கள்.

நிலையத்திலிருந்து ஊர் நடுவுக்குப் பத்து நிமிட நடைதான். 'சாந்தர்-வீல்', அதாவது ஊர் மையம், என்று பலகை இருக்கும், அதைப் பின்பற்றுங்கள். வந்து சேருவது ஊதான் தெரு. நடந்து போகிறவர்களுக்கான தெரு. பாலாடைக்கட்டிக் கடை, பூக்கடை, புத்தகக் கடை, மேசைகளைத் தெருவில் போட்ட கஃபேக்கள். சாக்லெட் பிடிக்கும் என்றால் பத்ரிக் ரொஜேயின் கடையைத் தேடுங்கள். 2000இல் பிரான்சின் தலைசிறந்த கைவினைஞர் பட்டம் வாங்கியவர், இப்போது பாரிஸில் பல இடங்களில் கடை வைத்திருக்கிறார், ஆனால் 1997இல் தொடங்கியது இந்தத் தெருவில்தான். விலை அதிகம். எண்ணி நான்கு துண்டு வாங்கி மெதுவாகத் தின்னலாம்.

கடைக்குள் நுழைவதற்கும் ஒரு முறை உண்டு, இதை யாரும் எனக்கு முதலில் சொல்லித் தரவில்லை. பாரிஸ் வந்த புதிதில் ஒரு ரொட்டிக் கடையில் போய் நின்று, மனத்துக்குள் பத்துத் தடவை ஒத்திகை பார்த்த வாக்கியத்தை, "ஒரு பகெத் (நீள ரொட்டி) கொடுங்கள், தயவுசெய்து" என்று பிழையில்லாமல் சொன்னேன். அந்த அம்மா ரொட்டியை எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, "பொன்ஜூர்", அதாவது வணக்கம், என்றார். நான் திரும்பவும் பகெத் என்றேன். அவர் திரும்பவும், இன்னும் மெதுவாக, "பொன்ஜூர் மிஸ்யூ" என்றார். பின்னால் நின்ற வரிசை முழுக்கக் காத்திருந்தது. அப்புறம்தான் புரிந்தது. பொன்ஜூர் சொன்னேன், உடனே சிரித்தார், ரொட்டியும் வந்தது. நம் வீட்டுக்குள் ஒருவர் வந்து 'வாங்க' என்பதற்குள் 'சாப்பாடு எங்கே' என்று கேட்டால் எப்படி இருக்கும், அதுபோலத்தான் அவர்களுக்கு. பெரிய ஊரில் சிலர் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார்கள். இந்த மாதிரிச் சின்ன ஊரில் அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. உள்ளே போகும்போது பொன்ஜூர், வெளியே வரும்போது மெர்சி (நன்றி), ஓ-ருவார் (போய் வருகிறேன்). பிரெஞ்சு வேறு எதுவும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

சாப்பாடு மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை. இரண்டரைக்குப் போய்க் கேட்டால் பெரும்பாலான இடங்களில் அடுப்பை அணைத்திருப்பார்கள். உட்கார்ந்து சாப்பிட்டால் "ஊன் கராஃப் தோ" என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீரை ஜாடியில் இலவசமாகத் தருவார்கள். இல்லையென்றால் நான் செய்வதைச் செய்யலாம்: புறப்படும் முன் லாச்சப்பலில் ரோல்ஸும் வடையும் பொதி கட்டிக்கொண்டு வந்து, இங்கே ஒரு பகெத்தும் பழமும் வாங்கிச் சேர்த்துப் பூங்காவில் உட்கார்ந்து சாப்பிடுவது. கழிப்பறைக்கு ஒரு கஃபேயில் நுழைந்து நின்றபடியே ஒரு காபி குடியுங்கள். மேசையில் உட்கார்ந்து குடிப்பதைவிட விலையும் குறைவு.

கல்லறைத் தோட்டம்

இதை விட்டுவிடாதீர்கள். ஊதான் தெருவிலேயே மேற்கு நோக்கி நடந்தால் ஊரின் கல்லறைத் தோட்டம் வரும். பியேர் கியூரியின் பெற்றோர் இந்த ஊர்க்காரர்கள். 1895 ஜூலை 26 அன்று சோ நகரமன்றத்தில்தான் மேரிக்கும் பியேருக்கும் திருமணம். மோதிரம் கிடையாது, வெள்ளை உடுப்பு கிடையாது. பிறகு ஆய்வுக்கூடத்துக்கும் போட்டுக்கொள்ள வசதியாக ஒரு கருநீல உடையைத் தைத்துக்கொண்டார் மேரி. பரிசாக வந்த பணத்தில் இரண்டு சைக்கிள் வாங்கி இருவரும் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டார்கள். 1906இல் பியேரை இங்கே அடக்கம் செய்தார்கள், 1934இல் மேரியையும். 1995இல்தான் இருவரையும், நாட்டின் பெரியவர்களை அடக்கம் செய்யும் பாரிஸின் பாந்தியோனுக்கு மாற்றினார்கள். ஆனால் குடும்பம் இன்னும் இங்கேதான் இருக்கிறது: பியேரின் பெற்றோர், மகள் இரேன், மருமகன் ஃப்ரெதெரிக் ஜொலியோ. அந்த மகளும் மருமகனும் 1935இல் வேதியியல் நோபல் வாங்கியவர்கள். பாந்தியோனில் காவலும் வரிசையும் உண்டு. இங்கே சாதாரணக் கல், பக்கத்தில் யார் யாரோ ஊர்க்காரர்கள், சில சமயம் யாரோ வைத்துவிட்டுப் போன பூ. பிள்ளைகளோடு வருபவர்கள் கட்டாயம் கூட்டிப்போய்க் காட்டுங்கள். குரலை மட்டும் தாழ்த்திக்கொள்ளுங்கள்.

பூங்காவுக்குள்

வந்த வழியே திரும்பித் தேவாலயத்துக்கு வாருங்கள். உள்ளே த்யூபி செதுக்கிய பளிங்குச் சிற்பம், இயேசுவின் ஞானஸ்நானம், ஐந்து நிமிடம் நின்று பார்க்கலாம். அங்கிருந்து பூங்காவின் பெரிய வாசல் கிட்டத்தான். நுழைவு இலவசம். வாசலில் அன்றைய மூடும் நேரம் போட்டிருக்கும், அதை முதலில் படியுங்கள்: பொழுது சாய்வதைப் பொறுத்து மாதத்துக்கு மாதம் மாறும். டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் முடிந்துவிடும், ஜூனில் இரவு வரை இருக்கலாம்.

1670இல் பதினான்காம் லூயியின் அமைச்சர் கொல்பேர் இந்த இடத்தை வாங்கி, வெர்சாய்த் தோட்டங்களை அமைத்த அதே லு நோத்ரை வரவழைத்தார். இப்போது நீங்கள் பார்க்கும் மாளிகை கொல்பேருடையது இல்லை. அது புரட்சிக்குப் பிறகு இடிந்து போனது, நிற்பது 1850களில் கட்டத் தொடங்கியது. உள்ளே அருங்காட்சியகம். நேரம் குறைவென்றால் மாளிகையை விட்டுவிட்டு ஒரோர் மண்டபம் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். கொல்பேர் காலத்துக் கட்டடம், மேற்கூரையில் லு ப்ரன் தீட்டிய விடியல் தேவி. 1686இல் அர்துவேன்-மான்சார் கட்டிய நீளமான ஆரஞ்சுச் செடி மண்டபமும் பிழைத்து நிற்கிறது.

இந்த அமைதியான இடத்தில்தான் 1714லும் 1715லும் அப்போது இங்கே வாழ்ந்த மேன் சீமாட்டி இரவிரவாக நாடகமும் இசையும் வைத்தார். தூக்கம் வராத பெண்மணி, அதனால் விடியும் வரை விருந்து. 'சோவின் பெரிய இரவுகள்' என்று இன்றும் அதற்குப் பெயர். இப்போது இரவில் ஆந்தை கத்தினால் உண்டு.

மாளிகையிலிருந்து சரிவில் இறங்கினால் அடுக்கடுக்கான அருவி. பருவத்தில் ஓடும். தண்ணீர் கக்கும் வெண்கல முகங்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள், சிற்பி ரோதேன் செய்தவை. பாரிஸில் 1878 கண்காட்சிக்குக் கட்டிய த்ரொக்கதேரோ மாளிகைக்காகச் செய்தது, அதை இடித்தபோது இங்கே வந்தது. அருவி விழுவது எண்கோணக் குளத்தில். அதற்கு அப்பால் பெரிய கால்வாய், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நேராகக் கிடக்கும், இரு கரையிலும் பாப்லார் மரங்கள். சுற்றிவர ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காற்று பலமாக அடிக்கும் நாளில் பூங்காவை மூடிவிடுவதும் உண்டு.

கால்வாய்க் கரையில் ஒரு பெஞ்சில் சும்மா உட்கார்ந்துவிடுங்கள். பத்து நிமிடம் அசையாமல் இருந்தால் அணில் இறங்கும். நம் ஊர் அணில்போல முதுகில் மூன்று கோடு இருக்காது. செம்பட்டை நிறம், காதில் முடிக்குச்சம், உடம்பைவிடப் புசுபுசுவென்று வால். ஒரு தடவை என் செருப்புக்கு இரண்டடி தள்ளி ஒன்று உட்கார்ந்து, ஒரு கொட்டையை இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்றிச் சுழற்றி உரித்தது. தோல் உதிர்கிற சத்தம்கூடக் கேட்டது. வடையைப் பிய்த்துப் போட வேண்டாம், உப்பும் எண்ணெயும் அதற்கு ஆகாது.

செர்ரி: பூங்காவில் இரண்டு சோலைகள். வடக்குச் சோலையில் அடர்ந்த இளஞ்சிவப்பு, தெற்குச் சோலையில் வெள்ளை. பெரும்பாலும் ஏப்ரல் நடுவில் உச்சம், அந்த ஆண்டுக் குளிரைப் பொறுத்து ஒரு வாரம் முன்பின். ஜப்பானியக் குடும்பங்கள் அவர்கள் முறைப்படி மரத்தடியில் விரிப்புப் போட்டு உட்கார, பாரிஸே திரண்டு வந்துவிடும். வார இறுதியில் சோலைக்குள் மரத்தைவிடத் தலைதான் அதிகம் தெரியும். வார நாள், வாசல் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள், ஒன்பதரைக்குள் பார்த்து முடித்துவிடலாம். அன்றைக்கு மட்டும் நான் மேலே சொன்ன வரிசையைத் தலைகீழாக்குங்கள், பூங்கா முதலில், ஊர் பிறகு. கிளையை வளைத்துப் படமெடுக்காதீர்கள். வயதான மரங்கள், ஒடிந்தால் திரும்ப வருவதில்லை.

கால் இன்னும் தெம்பாக இருந்தால் வேறு ஒரு நாள் ரோபின்சோன் நிலையத்திலேயே இறங்கி வலே-ஓ-லூ மரத்தோட்டத்துக்கு நடக்கலாம். அங்கே ஒரு நீலத் தேவதாரு, கிளைகள் தொங்கித் தொங்கி ஏறத்தாழ 700 சதுர மீட்டருக்குப் படர்ந்து நிற்கிறது, தனி மரமே ஒரு தோப்பு. ரோபின்சோன் என்ற பெயரும் மரத்தால் வந்ததுதான். 1848இல் ஒருவர் ஒரு கஷ்கொட்டை மரத்தின் மேல் உணவகம் கட்டி, சாப்பாட்டைக் கூடையில் வைத்துக் கப்பியில் மேலே இழுத்துக் கொடுத்தார். தீவில் மரத்தின் மேல் வீடு கட்டி வாழ்ந்த 'சுவிஸ் ரோபின்சன் குடும்பம்' கதையிலிருந்து கடைக்குப் பெயர் வைக்க, அது ஊருக்கே பெயராகிவிட்டது. ஆனால் சோவையும் இந்த மரத்தோட்டத்தையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம்.

திரும்பும்போது வந்த வழிக்கு ஏறிப் போக வேண்டியதில்லை. கால்வாயின் தென்பக்கமாக வெளியேறினால் லா க்ருவா-து-பெர்னி நிலையம் கிட்ட இருக்கிறது. பலகையில் ஷார்ல் து கோல் விமான நிலையம் என்றோ மித்ரி-க்ளே என்றோ எது போட்டிருந்தாலும் ஏறலாம், இரண்டும் கார் து நோர் வழியாகத்தான் போகும். மாலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை நெரிசல் இருக்கும். முடிந்தால் நான்கரை ரயிலைப் பிடியுங்கள், அல்லது இன்னும் கொஞ்ச நேரம் பெஞ்சிலேயே இருந்துவிட்டு ஏழுக்கு மேல் கிளம்புங்கள்.